வளவின் மேல் தகரக் கூரை

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் வளவின், அதாவது வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றத்தின், மேல் இப்போது தகரக் கூரை வந்துவிட்டது. வளவு வானம் பார்த்து இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்; ஆனால் பராமரிப்பவர்களின் சிரமமும் தெரியும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்தக் கூரையின் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்பதில்லை.

கனமான தகடு போட்டால் சரியாகுமா என்று கேட்கிறார்கள். ஓரளவுக்கு உதவும். ஆனால் துளி விழுந்த பிறகும் தகடு தன் இயல்பான அதிர்வெண்களில் அதிர்ந்துகொண்டே இருப்பதுதான் இரைச்சலைப் பெருக்குகிறது. அந்த ஆற்றலை உறிஞ்சும் தன்மை எஃகுக்கு மிகக் குறைவு. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு இடையே ரப்பர் போன்ற படலத்தை ஒட்டினால் நிலைமை மாறும். தகடுகள் வளையும்போது நடுப்படலம் பக்கவாட்டில் இழுபட்டு, அதிர்வை வெப்பமாக்கிவிடும். இப்படி அதிர்வை அடக்கும் திறனைத் தணிப்பு என்கிறோம். தணிப்பு இரு மடங்கானால் ஒத்ததிர்வு, அதாவது இயல்பான அதிர்வெண்ணில் எழும் அதிர்வின் உச்சம், 6 டெசிபல் இறங்கும்.

ராஸ், அங்கர், கெர்வின் ஆகிய ஆய்வாளர்கள் 1959-இல் இதற்குத் தந்த சமன்பாடுகளைப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். படலத்தின் விறைப்பை அவற்றில் கலப்பெண்ணாக, அதாவது இரு பகுதிகள் கொண்ட எண்ணாக, எழுதுவோம்: மெய்ப்பகுதி மீள்தன்மையையும் கற்பனைப்பகுதி ஆற்றல் இழப்பையும் காட்டும். படலம் மிக விறைப்பாக இருந்தால் இழுபடாது. மிக இளகினால் இழுபட்டும் பயனில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவில்தான் தணிப்பு உச்சம் தொடும்.

படலம் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும் என்பதால் அந்த உச்சத்தை வெப்பநிலை இடம் மாற்றிவிடுகிறது. இதைத்தான் இன்று அழுத்திச் சொல்ல வந்தேன். 20 டிகிரியில் அளந்த ஒற்றை எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் அது நம் ஊருக்குப் பொருந்தாது. சித்திரை வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். மழை பெய்தால் அதே தகரம் சட்டென்று குளிர்ந்துவிடும். ஆகவே மழைச் சத்தத்துக்கு நனைந்த தகட்டின் வெப்பநிலையில் கணக்கிட வேண்டும். கூரைச் சட்டத்திலேயே ஏசி இயந்திரத்தையும் பொருத்தியிருந்தால், அதன் அதிர்வுக்கு நண்பகல் வெப்பநிலையில் தனியாகக் கணக்கிட வேண்டும். ஒரே படலம் இரண்டுக்கும் பொருந்தாமல் போகலாம். ஒட்டுப்பசை அந்த வெயிலைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

கூரை வாங்கப் போகிறவர்கள், வெப்பநிலைக்கும் அதிர்வெண்ணுக்கும் ஏற்பத் தணிப்பு எப்படி மாறுகிறது என்ற வரைபடத்தைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அது இல்லையென்றால், ஒரு சிறு துண்டை வாங்கி, வெயிலில் காயவைத்து ஒரு முறையும் தண்ணீர் ஊற்றி ஒரு முறையும் தட்டிப் பாருங்கள்.