காலி அட்டையும் இறங்காத பிரஷரும்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் டாக்டர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வருசம் மருந்தாளுநராக மாத்திரை எண்ணிக் கொடுத்தவன். அதனால் இதயத்துக்குள் எத்தனை அறை, எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற கதைக்கெல்லாம் போகவில்லை. பிரஷர், நெஞ்சுவலி விஷயத்தில் மருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சொல்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்த்தபோது ஓர் அப்பத்தா வருவார். மாதம் தவறவே மாட்டார். கதவு திறக்கும் முன்பே படியில் உட்கார்ந்திருப்பார். சுருக்குப்பையிலிருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்து, முந்தானையில் துடைத்து நீட்டுவார். எங்கள் பதிவேட்டில் அவரைப் போல ஒழுங்கான ஆள் கிடையாது. ஆனால் பிரஷர் மட்டும் 170ஐ விட்டு இறங்க மாட்டேன் என்றது. டாக்டரம்மா இன்னொரு மாத்திரை சேர்த்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். கருவாடே வாங்குவதில்லை என்று அப்பத்தா சத்தியம் செய்தார். சுருக்குப்பையில் கருவாட்டு வாசம் வந்தது வேறு விஷயம்.

ஒரு மழை நாளில் கூட்டமில்லை. “நெசமாவே தெனமும் போடுறீகளா அப்பத்தா?” என்று கேட்டேன்.

“ஒருநா நான், ஒருநா தாத்தா” என்றார், சாதாரணமாக. “அவருக்குந்தான் தல கிறுகிறுங்குது. ஒரே ஒலைச்சோறு திங்கிறோம், மாத்திரைய மட்டும் ஒளிச்சு வச்சா திங்க முடியும்?”

தாத்தாவை ஏன் கூட்டி வரவில்லை என்றேன். “ஒங்க ஆசுபத்திரி தொறக்குற நேரத்துலதான தம்பி அவரு ஆடு பத்திட்டுப் போறாரு.”

அங்கேதான் எனக்கு உறைத்தது. தீர்ந்த மாத்திரையைத்தான் எங்கள் பதிவேடு எண்ணியது. யாருக்குப் பிரஷர் கட்டுக்குள், அதாவது 140/90க்குக் கீழே, வந்தது என்பதை எண்ணவில்லை. தாத்தா அதில் ஆளாகவே இல்லை.

இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்து, மருந்தை மொத்தமாக வாங்க ஆரம்பித்த பிறகு எங்கள் அலமாரியின் முகமே மாறியது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. அந்தத் தாத்தா மாதிரி ஆட்களுக்காகவே வந்த திட்டம் அது. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். நல்லது. ஆனால் எத்தனை வீட்டுக்குப் போனோம் என்பது ஒரு கணக்கு, எத்தனை பேருக்கு இறங்கியது என்பது வேறு கணக்கு. இரண்டாவதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கிராமசபையிலேயே கேட்கலாம். நம் ஊரில் நூறு பேர் மாத்திரை வாங்கினால், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது? திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று தெரியும். வீட்டில் இதற்காகவே என்னைப் பேச விடுவதில்லை.

அப்புறம், திருப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள். ஒரு மாத மாத்திரையோடு பஸ் ஏறுவார்கள், மூன்று மாதம் கழித்து நோன்புக்கோ திருவிழாவுக்கோ வருவார்கள். பிரஷர் கட்டுக்குள் இருப்பவருக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

நெஞ்சுவலி பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச நினைத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, சுருக்கமாக. நடுநெஞ்சில் பாறாங்கல் வைத்த மாதிரி அழுத்தி, வியர்த்துக் கொட்டினால், அது மாரடைப்பாக இருக்கலாம்; வாயு என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே 108. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மருந்து இருக்கிறது: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின், சேர்த்து 14 மாத்திரை. டாக்டர் பார்த்துக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அந்த மாத்திரைகள் ராத்திரி இரண்டு மணிக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். பீடியை விடுங்கள். பரோட்டா சால்னா பற்றிப் பேச நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், அதற்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள்.

தாத்தாவுக்கு 180 இருந்தது. மறுவாரமே தனி அட்டை கொடுத்தோம். வணக்கம்.