மாத்திரைச் சீட்டில் எழுதவேண்டிய ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம்.

தைராய்டு அதிகம் சுரக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், எதிரில் இருப்பவரைக் கைகள் இரண்டையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வேன். விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைப்பேன். மின்விசிறியை நிறுத்திவிட்ட அறையிலும் அந்தத் தாளின் ஓரம் சிறகடித்துக்கொண்டே இருக்கும்.

அப்படித் தாள் துடித்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பனியன் கம்பெனியில் தையல் வேலை. முப்பது வயது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று வந்தார். வயிறாரச் சாப்பிட்டும் நான்கு மாதத்தில் எட்டுக் கிலோ இளைத்திருந்தார். மார்கழிக் குளிரிலும் வியர்வை, படுத்தால் நெஞ்சுப் படபடப்பு, பிள்ளைகள் மீது காரணமில்லாத கோபம். அவருக்கு இருந்தது கிரேவ்ஸ் நோய். 1835இல் டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்ததால் வந்த பெயர். உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டு சுரப்பியைத் தூண்டித் தூண்டி ஓயாமல் வேலை வாங்குகிற நோய் அது.

கார்பிமசோல் எழுதிக் கொடுத்தேன். நம் நாட்டில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் முதலில் தருவது இதைத்தான். உடலுக்குள் போனதும் இது மெத்திமசோலாக மாறி வேலை செய்கிறது. இந்த மருந்துக் குடும்பம் எலிகளிடமிருந்து நமக்குக் கிடைத்தது. வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக சல்ஃபா மருந்து கொடுத்து வளர்த்த எலிகளுக்குக் கழுத்துச் சுரப்பி வீங்கியதை அமெரிக்காவின் பால்டிமோரில் கவனித்தார்கள். சுரப்பி வீங்கியிருந்தது, ஆனால் ஹார்மோன் குறைந்திருந்தது. அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு பாஸ்டனில் எட்வின் ஆஸ்ட்வுட் என்ற மருத்துவர் 1943இல் இந்த வகை மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். அதற்கு முன்பு பெரும்பாலும் அறுவைசிகிச்சைக் கத்தியை நம்பித்தான் பிழைக்க வேண்டியிருந்தது.

மாத்திரை போட்டு ஒரு வாரத்தில் அந்தப் பெண் திரும்பி வந்தார். “ஒன்றும் குறையவில்லை, மாற்றிக் கொடுங்கள்” என்றார். குறையாது. கல்யாண வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டாலும், அண்டாவில் வடித்து வைத்த சோறு தீரும் வரை பந்தி நடக்கும் அல்லவா? இந்த மருந்து அடுப்பைத்தான் அணைக்கிறது. சுரப்பி அயோடினைச் சேர்த்துப் புதிதாக ஹார்மோன் செய்வதைத் தடுக்கிறது. ஏற்கெனவே செய்து வைத்த இருப்பு கரைய மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை படபடப்பும் நடுக்கமும் அடங்க, ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு புரோப்ரனோலால் சேர்த்துத் தருவோம்.

அண்டா கவிழ்ந்து சோறு கொட்டிவிடுவதும் உண்டு. பிள்ளை பெற்ற சில மாதங்களிலோ, ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகோ சுரப்பி அழற்சி கண்டு, இருப்பு ரத்தத்தில் கசிந்துவிடும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் அங்கே அடுப்பே எரியவில்லை, கார்பிமசோல் அணைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே காரணம் தெரிந்துகொள்ளாமல் மருந்தைத் தொடங்கக்கூடாது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகக் காட்டும் வல்லமை அதற்கு உண்டு.

கடையில் ‘தைராய்டு மாத்திரை’ என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் தைராக்சின் என்றே பொருள். அது சுரப்பு குறைந்தவர்களுக்கானது. சுரப்பு அதிகமாகி கார்பிமசோல் சாப்பிடுகிற உங்களுக்கு அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. தைராக்சின் மைக்ரோகிராமிலும், கார்பிமசோல் மில்லிகிராமிலும் இருக்கும். வாங்கியதும் அட்டையைப் படியுங்கள்.

அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு ஐந்தாவது வாரத்தில் நடுக்கம் நின்றது. ஆறாவது வாரத்தில் தொண்டை வலித்தது. காய்ச்சல் அடித்தது. ஊரில் எல்லோருக்கும் சளி பிடித்திருந்த காலம். பக்கத்துக் கடையில் காய்ச்சல் மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனார். கார்பிமசோலையும் விடாமல் போட்டார், ஏனென்றால் “நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள்” என்று நான் அழுத்திச் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் எச்சில் விழுங்க முடியாமல் வந்தார். வாய்க்குள் புண். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 4,000க்கு மேல் இருக்க வேண்டும். அவருக்கு 1,100. கிருமியோடு முதலில் மோதுகிற நியூட்ரோஃபில் அணுக்கள் அதில் நூறுகூட இல்லை.

இந்த மருந்தில் அஞ்ச வேண்டியது இதுதான். ஆயிரம் பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். மாதாமாதம் ரத்தம் பார்த்துத் தடுத்துவிட முடியாதா என்று கேட்பீர்கள். நேற்று சரியாக இருந்த எண்ணிக்கை சில நாட்களில் சரிந்துவிடுகிறது. முன்கூட்டி மணியடிப்பது தொண்டையும் காய்ச்சலும்தான். அந்த மணி அடித்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாதீர்கள். அன்றைக்கே வெள்ளையணு எண்ணிக்கை பாருங்கள். இரவானாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும் மருத்துவமனைக்குப் போய், “கார்பிமசோல் சாப்பிடுகிறேன்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்துப் போனாலும் இதே விதிதான்.

மற்றபடி நான் முன்பு சொன்னதை மாற்றவில்லை. உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் நோய் பாய்ந்து திரும்பும். வழக்கமாக 15 முதல் 40 மில்லிகிராமில் தொடங்கி, மெல்லக் குறைத்து, 12 முதல் 18 மாதம் வரை தருகிறோம். அதன் பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. தைராய்டைத் தூண்டுகிற டி.எஸ்.எச் என்ற ஹார்மோனின் அளவு மட்டும் பல மாதங்கள் தாழ்ந்தே கிடக்கும், அதைப் பார்த்துக் கலங்காதீர்கள். தோலில் லேசான அரிப்பு வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது. புகைப்பவர்கள் விட்டுவிடுங்கள். கிரேவ்ஸ் நோயில் கண் பிதுங்குவதைப் புகை மோசமாக்குகிறது.

பிள்ளை பெற நினைக்கும் பெண்கள், நாள் தள்ளிப்போகும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். முதல் மூன்று மாதத்தில் கார்பிமசோல் கருவின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும். அந்தக் காலத்துக்கு புரோப்பில்தயோயுராசில் என்ற மருந்துக்கு மாற்றுவோம். அது சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும் என்பதால்தான் எல்லோருக்கும் அதை முதலில் கொடுப்பதில்லை. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பெண் பிழைத்தார். தனியறையில், நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக், வெள்ளையணுக்கள் பெருக ஊசி, பத்து நாள். கார்பிமசோல், புரோப்பில்தயோயுராசில் இரண்டையும் அவர் இனி வாழ்நாளில் தொடக்கூடாது. கதிரியக்க அயோடின் கொடுத்துச் சுரப்பியை அடக்கினோம். இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் போடுகிறார்.

தொண்டை வலியைப் பற்றி அவரிடம் நான் சொல்லாமல் இல்லை. பத்து விஷயங்களோடு பதினோராவதாகச் சொல்லியிருந்தேன். அது சொன்னதாகாது. அன்றிலிருந்து மருந்துச் சீட்டின் தலைப்பில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதுகிறேன்: ‘காய்ச்சல், தொண்டை வலி வந்தால் மாத்திரையை நிறுத்து, அன்றே ரத்தம் பார்.’ எழுதிவிட்டு, அவர்களையே ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் ஓர் இளம்பெண் இரவு ஒன்பது மணிக்கு மழையில் நனைந்துகொண்டு வந்தார். அதே பனியன் கம்பெனி. வேறொரு மருத்துவரிடம் கார்பிமசோல் சாப்பிடுகிறவர். காலையிலிருந்து தொண்டை கரகரப்பு, லேசான காய்ச்சல். “பக்கத்து மெஷின் அக்கா விடவில்லை, இப்போதே போ என்று ஆட்டோ ஏற்றிவிட்டார்கள்” என்றார். ரத்தம் எடுத்தோம். வெள்ளையணுக்கள் 7,200. சாதாரணச் சளிதான். நாளையிலிருந்து மாத்திரையைத் தொடரலாம் என்றேன். வீணாகத் தொந்தரவு கொடுத்துவிட்டேனே என்று அந்தப் பெண் கூசினார். இப்படி நூறு முறை வந்தாலும் நூறு முறையும் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பினேன்.

வணக்கம்.