டேவிட் கார்டின் இரண்டு கழித்தல்கள்

பெரியோர்களே, பொருளியல் படிக்கும் மாணவ நண்பர்களே, வணக்கம்.

டேவிட் கார்டு 1956-ல் கனடாவின் குவெல்ஃப் நகரில் பிறந்தவர். 1978-ல் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம். 1983-ல் பிரின்ஸ்டனில், ஆர்லி ஆஷன்ஃபெல்டரின் மேற்பார்வையில் முனைவர் பட்டம். அங்கேயே பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர், 1997-ல் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2021-ல் பொருளியல் நோபலில் பாதி அவருக்கு. மறுபாதியை ஜோஷுவா ஆங்ரிஸ்டும் கைடோ இம்பென்ஸும் பகிர்ந்துகொண்டார்கள். கார்டோடு தோளோடு தோள் நின்று உழைத்த ஆலன் க்ரூகர் 2019-லேயே காலமாகிவிட்டார். அந்தப் பரிசில் அவருக்கும் உரிமை உண்டு என்றே நான் கருதுகிறேன்.

அவர்கள் இருவரும் செய்த ஆய்வைப் பார்ப்போம். 1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்திலிருக்கும் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. கூலி ஏறினால் ஆட்குறைப்பு வருமா என்பதுதான் கேள்வி. அதற்காகத் துரித உணவகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் அவற்றை? குறைந்த கூலிக்கு அதிகம் பேரை வைப்பவை அவை. எல்லாக் கிளைகளிலும் வேலை ஒரே மாதிரி. டிப்ஸ் கிடையாது என்பதால் கூலியைத் தெளிவாக அளக்கலாம்.

நியூ ஜெர்சியில் 331, கிழக்குப் பென்சில்வேனியாவில் 79, ஆக 410 கடைகள். சட்டம் அமலுக்கு வருமுன் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு சுற்று. நவம்பர், டிசம்பரில் மறுசுற்று. பகுதிநேர ஊழியர் ஒருவரை அரை ஆளாகக் கணக்கிட்டார்கள். நியூ ஜெர்சியில் ஒரு கடைக்குச் சராசரி 20.44 ஆள், பிறகு 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33 ஆக இருந்தது 21.17 ஆகக் குறைந்தது. முதல் கழித்தல் மாநிலத்துக்குள்: ஒன்றில் 0.59 கூடுதல், மற்றதில் 2.16 குறைவு. இரண்டாவது கழித்தல் மாநிலங்களுக்கிடையே: ஏறத்தாழ 2.75 ஆள், நியூ ஜெர்சிக்குச் சாதகமாக. திட்டப் பிழை, அதாவது மாதிரியின் தற்செயலால் இந்த எண் எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு, 1.36.

கணக்கு இவ்வளவுதான். பள்ளிப் பிள்ளையும் போட்டுவிடும். உழைப்பெல்லாம் அதற்கு முன்னால். இரண்டாம் சுற்றில் தொலைபேசியில் பிடிபடாத கடைகளுக்கு ஆளனுப்பி நேரில் கேட்டார்கள். நிரந்தரமாக மூடப்பட்ட ஆறு கடைகளைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. ஊழியர் எண்ணிக்கை சுழியம் என்று எழுதினார்கள். அவற்றை விட்டிருந்தால், கூலி உயர்வைத் தாங்காமல் மூடிய கடையே கணக்கில் வராமல் போயிருக்கும். உங்கள் தரவிலும் இரண்டாம் சுற்றில் காணாமல் போனவர்களை முதலில் தேடுங்கள்.

இந்த முடிவின் பலவீனத்தையும் சொல்லத்தான் வேண்டும். மேலே சொன்ன 2.75-ல் பெரும்பகுதி பென்சில்வேனியாவின் வீழ்ச்சியிலிருந்து வருகிறது. சட்டம் வந்திராவிட்டால் நியூ ஜெர்சியும் அதேபோல் இறங்கியிருக்கும் என்று நம்பினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். சட்டத்துக்கு முன் ஒரே ஒரு சுற்று இருக்கும்போது இரண்டு மாநிலங்களும் இணையாக நடந்தனவா என்று சோதிக்க வழியில்லை. மேலும், 410 கடைகள் இருந்தாலும் சட்டம் மாறியது ஒரு மாநிலத்தில். பென்சில்வேனியாவுக்கு மட்டும் வந்த ஒரு மந்தத்தைக் கடைகளுக்கிடையிலான சிதறலிலிருந்து கணித்த திட்டப் பிழை கண்டுகொள்ளாது. நியூமார்க், வாஷர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் ஊதியப் பதிவேடுகளை வைத்து மறுத்தபோது, கார்டும் க்ரூகரும் 2000-ல் அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைத் தரவைக் கொண்டு மறுபடி கணக்கிட்டார்கள். வேலை குறைந்ததற்கான உறுதியான சான்று அதிலும் இல்லை. புதிய தரவைத் தேடிப் போய்ப் பதில் சொன்ன அந்த முறையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பல ஆண்டுத் தரவு கிடைத்தால் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பெர்ட்ராண்ட், டஃப்லோ, முல்லைநாதன் மூவரும் 2004-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இல்லாத சட்டங்களை மாநிலங்களுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, வழக்கமான திட்டப் பிழையோடு கணக்கிட்டார்கள். நூற்றுக்கு 5 முறை மட்டும் வரவேண்டிய ‘விளைவு’ 45 முறை வரை வந்தது. ஒரு மாநிலத்தின் இந்த ஆண்டு நிலை, போன ஆண்டு நிலையை ஒட்டியே இருக்கும் என்பதே காரணம். ஆகவே திட்டப் பிழையை மாநிலவாரியாகத் தொகுத்து, அதாவது ஒரு மாநிலத்தின் எல்லா ஆண்டுகளையும் ஒரே தொகுப்பாக வைத்துக் கணக்கிடுங்கள். ஆனால் மாநிலங்கள் மிகச் சிலவே என்றால் அந்தத் தொகுப்பும் பிழையைக் குறைத்துக் காட்டும்.

இன்னொன்று, 1990-ல் கார்டு வெளியிட்ட மயாமி ஆய்வு. 1980 மே முதல் செப்டம்பர் வரை கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் ஃப்ளோரிடாவுக்கு வந்தார்கள். மயாமியின் உழைப்பாளர் தொகை 7 விழுக்காடு கூடியது. அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், டாம்பா நகரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தும், உள்ளூர்த் தொழிலாளரின் கூலி விழுந்ததற்கான தடயம் கார்டுக்குக் கிடைக்கவில்லை. 2017-ல் பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ், உயர்நிலைப் பள்ளியை முடிக்காத, ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர்) அல்லாத ஆண்களை மட்டும் பிரித்தெடுத்து, கூலி 10 முதல் 30 விழுக்காடு விழுந்தது என்றார். பிறகு கிளெமென்ஸும் ஹண்டும் அந்தச் சிறு மாதிரியைத் திறந்து பார்த்தார்கள். 1980-ஐ ஒட்டி, அதில் கறுப்பின ஆண்களின் பங்கு திடீரென உயர்ந்திருந்தது. அதுவரை கணக்கெடுப்பில் விடுபட்டுவந்தவர்களைச் சேர்க்க எடுத்த முயற்சியின் விளைவு அது. அவர்களது சராசரிக் கூலி குறைவு என்பதால், ஒருவருடைய கூலியும் மாறாமலேயே மாதிரியின் சராசரி இறங்கியிருக்கும். போர்ஹாஸ் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை, விவாதம் நீடிக்கிறது. நீங்கள் ஒரு துணைக்குழுவைப் பிரித்தால், ஒவ்வோர் ஆண்டும் அதில் எத்தனை பேர், யார் யார் என்ற அட்டவணையைச் சமன்பாட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.