நகத்தில் சுண்ணாம்பு

நேயர்களுக்கு வணக்கம். நீர்க்கடுப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சித்திரையில் ஒரு பெண் என்னிடம் வந்தார். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. இருபத்திரண்டு வயது இருக்கும். நாற்காலியில் உட்காரும்போதே முகம் சுளித்தார். இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு. நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "சூடு பிடிச்சிருச்சு டாக்டர். அம்மாச்சி தடவிவிட்டாங்க."

நம் பக்கத்தில் நீர்க்கடுப்புக்குப் பெயரே சூடுதான். வெயிலில் நின்றால் சூடு, பஸ்ஸில் என்ஜினை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தால் சூடு. நான் இதைக் கேட்டுச் சிரிப்பதில்லை. பாதி உண்மை அதில் இருக்கிறது. கத்திரி வெயிலில் உடம்புத் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விட, மிச்சமிருக்கும் சிறுநீர் கடுமஞ்சளாகி, போகும்போது எரியும். இரண்டு செம்பு தண்ணீரும் ஒரு இளநீரும் உள்ளே போனால் இந்த எரிச்சல் சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும். அந்த நேரம் நகத்தில் சுண்ணாம்பும் இருந்துவிட்டால், நல்ல பேரை அது தட்டிக்கொண்டு போய்விடும்.

அடங்காத கடுப்பு வேறு ரகம். போய்விட்டு வந்து ஐந்து நிமிடம் ஆகாது, மறுபடியும் முட்டும். போய் உட்கார்ந்தால் நாலே சொட்டு. அடிவயிறு கனக்கும். சிறுநீர் கலங்கலாக, வாடையோடு வரும். சமயத்தில் ரத்தமும் கலந்திருக்கும். இது பெரும்பாலும் கிருமித் தொற்று. முக்கால்வாசி ஈ.கோலை என்கிற பாக்டீரியாவின் வேலை. நம் குடலிலேயே குடியிருக்கிற கிருமிதான். ஆசனவாய்ப் பக்கமிருந்து ஊர்ந்து வந்து சிறுநீர்க் குழாய்க்குள் ஏறிவிடுகிறது. அந்தக் குழாய் ஆண்களுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். பெண்களுக்கு 4 தான். ஆகவே மருமகளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தால் "சுத்தபத்தமா இல்லை" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவினால் போதும். சோப்பு, டெட்டால் எல்லாம் அங்கே வேண்டாம்.

அந்தப் பெண்ணிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டேன். "கடையில குடிக்கிறதில்ல டாக்டர். குடிச்சா போகணும். போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும், நாலாவது மாடிக்கு ஏறணும்." காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வெளியே வருகிறார்.

சிறுநீர் கழிப்பது என்பது சிறுநீர்ப்பையைக் கழுவிவிடுகிற மாதிரி. ஏறிவந்த கிருமியில் பெரும்பகுதி அதோடு அடித்துக்கொண்டு போய்விடும். பன்னிரண்டு மணி நேரம் அடக்கினால் கிருமி உள்ளேயே பெருகும். 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. அடிக்கடி இந்தத் தொற்று வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் மற்றவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை வந்தது, இவர்களுக்கு 1.7. செலவில்லாத மருந்து. தமிழ்நாட்டில் 2021-இல் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல காரியம். அந்த இருக்கையிலிருந்து எழுந்து பாத்ரூம் போய்வர அனுமதி கேட்கிற நிலைமையும் மாற வேண்டும் என்பது என் கட்சி.

வைத்தியத்துக்கு வருவோம். அந்தப் பெண் மருந்துக்கடையில் வாங்கிய ஒரு சிரப்பையும் கொண்டுவந்திருந்தார். தண்ணீரில் கலந்து குடிப்பது. அது சிறுநீரின் புளிப்பைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும்; கிருமியைக் கொல்லாது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. இந்தத் தொற்றுக்கு நாங்கள் அதிகம் எழுதுகிற நைட்ரோஃபியூரன்டாயின் மாத்திரை புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். ஆக, இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றதன் காலை வாரும். மாத்திரை வழக்கமாக ஐந்து நாள். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டது என்று மிச்சத்தை எடுத்து வைப்பதும், அடுத்த மாசம் அதை நாத்தனாருக்குக் கொடுப்பதும் வேண்டாம். மருந்து வேலை செய்கிற வரை அடிவயிற்றில் வெந்நீர்ப் பை, ஒரு பாரசிட்டமால், பார்லி கஞ்சி, நீர்மோர் எல்லாம் சுகம் தரும். காபியையும் காரத்தையும் குறையுங்கள்.

டெஸ்டுக்குச் சிறுநீர் பிடிக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். அதில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கிற கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

எரிச்சலெல்லாம் கிருமியும் இல்லை. கல் இருக்கலாம், பூஞ்சையால் அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருக்கலாம். சர்க்கரைக்கு 'ஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பூஞ்சை கொஞ்சம் அதிகம். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். உடலுறவில் தொற்றுகிற பால்வினை நோய் என்றால் கணவன் மனைவி இரண்டு பேருமே மருந்து சாப்பிட வேண்டும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி இவை வந்தால் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம். அப்போது வாழைத்தண்டுச் சாறு போட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆண்கள் இவர்களுக்கு வெறும் கடுப்பு என்றாலும் காத்திருக்கக் கூடாது.

அந்தப் பெண் மூன்றாம் நாள் வந்தார். கல்ச்சரில் ஈ.கோலைதான். முகம் தெளிந்திருந்தது. நகத்தில் சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது. கைப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதில் பாதி அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"மேல பாத்ரூம் பூட்டியிருந்துச்சு டாக்டர்."