குளிர் கொல்வதில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

குச்சி ஐஸை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் உறிஞ்சினால் என்ன ஆகும்? நிறமும் இனிப்பும் வாய்க்கு வந்துவிடும். கையில் வெள்ளையாக வெறும் பனிக்கட்டிதான் மிஞ்சும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்ல வந்ததில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் பல வருடங்களாகக் குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன். லாக்டோபாசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் என்று மருந்துப் பொட்டலங்களில் பார்த்திருப்பீர்கள். புரோபயாட்டிக் என்ற பெயருக்கே நிபந்தனை, அவை உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான். மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருக்க ஒரு வழி, உறைய வைப்பது. உடனே எல்லோரும் கேட்பார்கள்: "அந்தக் குளிரில் செத்துப்போகாதா?"

குளிர் கொல்வதில்லை. இதை இன்று நான் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனுக்குள், பாக்டீரியா பல்லாண்டுகள் அப்படியே கிடக்கும். அந்தக் குளிருக்குப் போகிற வழியும் அங்கிருந்து திரும்புகிற வழியும்தான் ஆபத்து.

ஏன்? குச்சி ஐஸுக்கு வருவோம். தண்ணீர் உறையும்போது சுத்தமான தண்ணீர்தான் பனிக்கட்டியாகிறது. சர்க்கரை, உப்பு எல்லாம் ஒதுக்கப்பட்டு இடுக்குகளில் சேர்ந்துவிடும். நம் பாக்டீரியாவும் அந்த இடுக்கில்தான் மாட்டிக்கொள்கிறது. சுற்றிலும் உப்பு ஏற ஏற, அதன் உடம்பிலுள்ள தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு, ஊறுகாய் போல வதங்குகிறது. சரி, வேகமாக உறைய வைத்தால்? தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே பனி கட்டி, சவ்வு கிழிகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் வேண்டும். அது ஒவ்வொரு வகைக்கும் வேறு. உருண்டையான சின்னக் கிருமிகள் பொதுவாகத் தாங்கும், நீளமான குச்சி வடிவத்தவை அவ்வளவாகத் தாங்காது.

இந்த ஆபத்திலிருந்து காக்க ஒரு துணைப் பொருள் கிடைத்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கே பேசினாலும் சொல்லிவிடுவேன். லண்டனில் மில் ஹில் ஆய்வகத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் என்று மூன்று பேர். பாக்டீரியா இல்லை, சேவலின் விந்தணுவை உறைய வைத்து உயிரோடு மீட்கப் பார்த்தார்கள். பழச்சர்க்கரைக் கரைசலில் போட்டுப் பார்த்தார்கள். சரிவரவில்லை. சில மாதம் கழித்து, குளிரறையில் வைத்திருந்த பழைய பாட்டிலை எடுத்து மறுபடி முயன்றார்கள். அணுக்கள் நீந்தின! புதிதாகச் சர்க்கரைக் கரைசல் தயாரித்தார்கள், பலிக்கவில்லை. பழைய பாட்டிலில் மிஞ்சியிருந்த சொச்சத்தை வேதியியலாளரிடம் கொடுத்துச் சோதித்தால், அதில் சர்க்கரையே இல்லை. கிளிசராலும் (கடையில் கிளிசரின் என்று விற்கும் பிசுபிசுப்பான திரவம்) முட்டைப் புரதமும் இருந்தன. கண்ணாடித் தகட்டில் திசுவை ஒட்ட வைக்கும் பசை அது! பாட்டிலின் சீட்டு மாறிப்போயிருக்கிறது. 1949-இல் வெளியான அந்தச் செய்தியிலிருந்துதான் உறைகாப்பு என்ற துறையே எழுந்து நின்றது. சீட்டு ஒட்டுவதில் நான் கண்டிப்பானவன், என் மாணவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லும்போது கொஞ்சம் இளகிவிடுகிறேன்.

கிளிசரால் என்ன செய்கிறது? தண்ணீரோடு கைகோத்துக்கொண்டு, பனியாகும் தண்ணீரின் அளவைக் குறைக்கிறது. உப்பும் அந்த அளவுக்கு ஏறாது. ஆய்வகத்தில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பங்கு கலந்து, மைனஸ் 80-இல் வைப்போம். உண்ணும் பொருளாக வேண்டுமென்றால் கொழுப்பு நீக்கிய பால், டிரெஹலோஸ் என்னும் சர்க்கரை போன்றவை. டிரெஹலோஸ், தண்ணீர் விட்டுப்போன இடத்தில் நின்று சவ்வைத் தாங்கிப் பிடிக்கிறது.

"அப்புறம் வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் போதாதா?" போதாது. மைனஸ் 18-இல் எல்லாம் கல் போலத் தெரியும். ஆனால் உப்புத் தண்ணீர் முழுக்க உறைய மைனஸ் 21-க்கும் கொஞ்சம் கீழே போக வேண்டும். ஆகவே கல்லுக்குள்ளும் இடுக்குகளில் உவர்நீர் இருந்துகொண்டே இருக்கும், மெதுவாகத் தன் வேலையைச் செய்துகொண்டே. போதாக்குறைக்கு, பனி சேராமல் தானாக உருக்கிக்கொள்ளும் ஃப்ரீசர்கள் அவ்வப்போது லேசாகச் சூடேறும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சின்னப் பனித்துகள்கள் கரைந்து பெரிய துகள்களோடு சேரும். நாட்பட்ட ஐஸ்கிரீம் நறநறவென்று இருப்பது இதனால்தான். மறுபடி சொல்கிறேன், குளிர் கொல்வதில்லை. குளிர் ஏறி இறங்குவதுதான் கொல்கிறது. ஒருமுறை எங்கள் ஃப்ரீசர் கதவை யாரோ சரியாகச் சாத்தாமல் போனதில், இரண்டு வருட உழைப்பு ஒரே ராத்திரியில் உருகிப்போனது. அந்த யாரோ நான்தான்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். உருக்குவதைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறைந்ததை மெல்ல உருக விடாதீர்கள், 37 டிகிரி வெந்நீரில் சட்டென்று உருக்குங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். முதலிலேயே சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து வைத்துவிடுங்கள். புரோபயாட்டிக் ஐஸ்கிரீமில் அடித்துச் சேர்க்கும் காற்று பிஃபிடோபாக்டீரியத்துக்கு ஏன் விஷம் என்பதை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.