அந்த ஒரு குற்றத்துக்கு மட்டும் திரை வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

கத்தோலிக்கர் ஒருவர் திரைக்கு அப்பால் இருக்கும் குருவிடம், அதாவது பாதிரியாரிடம், தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம்; அதில் கேட்டதைக் குரு யாரிடமும் சொல்லக்கூடாது என்பது திருச்சபையின் விதி. அப்படி ஒரு குரு கேட்டதைச் சொல்லும்படி சட்டம் அவரைக் கேட்கலாமா? கூடவே கூடாது என்று எதிரணித் தலைவர் பேசி அமர்ந்திருக்கிறார். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை என்றால் கேட்டே ஆகவேண்டும் என்பது எங்கள் கட்சி. திருட்டு, துரோகம், பொய், பகை என எதை வேண்டுமானாலும் அந்தத் திரைக்குப் பின்னால் சொல்லுங்கள். அதில் சட்டம் மூக்கை நுழைக்க நாங்களும் சம்மதிக்கமாட்டோம். நாங்கள் கேட்பது ஒரே ஒரு விலக்கு.

தலைவர் 1813-ஆம் ஆண்டு நியூயார்க் வழக்கை அழகாக எடுத்துச் சொன்னார். திருட்டுப்போன பொருள் கோல்மன் என்ற குருவின் கை வழியாக உரியவரிடம் திரும்பி வந்தது. கொடுத்தது யார் என்று கேட்டபோது குரு சொல்ல மறுத்தார். நீதிமன்றமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. 1828-ல் நியூயார்க் மாநிலம் அந்தப் பாதுகாப்பைச் சட்டமாகவே எழுதிவைத்தது. நல்ல தீர்ப்புதான், நானும் மதிக்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, அங்கே இரகசியம் காத்ததால் பறிபோன பொருள் வீடு திரும்பியது. ஒரு குழந்தையிடமிருந்து பறித்ததை எந்தக் குரு, யார் கையில் திருப்பிக் கொடுப்பார்?

ஆஸ்திரேலியாவில் சிறுவர்களைச் சீரழித்த ஒரு குரு சிறைக்குப் போனார். அவர் கொடுத்த பிரமாண வாக்குமூலம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 30 குருக்களிடம் 1,500 முறை இந்தப் பாவத்தை அறிக்கையிட்டதாக அதில் அவரே சொல்லியிருக்கிறார். அநேகமாக ஒவ்வொரு முறையும் அவருக்குக் கிடைத்த அறிவுரை, ஜெபம் செய் என்பதுதான். மன்னிப்புப் பெற்று எழுந்து போவார், மனபாரம் இறங்கிவிடும், அப்புறம் இன்னொரு சிறுவன்.

'சட்டம் உள்ளே வந்தால் குற்றவாளி பாவசங்கீர்த்தனத்துக்கே வரமாட்டான், அவனைத் திருத்தும் வாய்ப்புப் போய்விடும்' என்று எதிரணி சொன்னது. அந்த மனிதர் வந்தாரே! 1,500 முறை வந்தார். அத்தனை வாய்ப்பும் யாரைத் திருத்தியது? மன்னிப்பு அவரை அடுத்த குற்றத்துக்குத் தயார்படுத்தி அனுப்பியது என்று நான் சொல்வேன். இது ஒரே ஒருவரின் கதையும் இல்லை. நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றி 2013 முதல் 2017 வரை விசாரணை நடத்திய ஆஸ்திரேலிய அரச ஆணையமும் இதையே கண்டது: அறிக்கையிட்டவர்கள் மறுபடியும் குற்றம் செய்தார்கள், மறுபடியும் மன்னிப்புக் கேட்டு வந்தார்கள். பாவசங்கீர்த்தனம் என்ற காரணத்துக்காகப் புகார் செய்யும் கடமையிலிருந்து யாருக்கும் விலக்குத் தரக்கூடாது என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா, குயின்ஸ்லாந்து என ஒவ்வொரு மாநிலமாகச் சட்டத்தைத் திருத்தியது.

'போலீசில் சரணடைந்தால்தான் மன்னிப்பு என்று குருவே சொல்லலாமே, சட்டம் எதற்கு?' என்று கேட்டார் எதிரணியின் இளையவர். நல்ல யோசனை, தம்பி. ஆனால் திருச்சபையே அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2019-ல் வத்திக்கான் வெளியிட்ட குறிப்பு, சரணடைவதை மன்னிப்புக்கு நிபந்தனையாக வைக்கக்கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. வாய் திறந்தால் குருவுக்குச் சபைவிலக்கம், அதாவது திருச்சபையிலிருந்தே விலக்கிவைக்கும் தண்டனை. அதை நீக்கும் அதிகாரமும் ரோமுக்குத்தான். ஆக, அந்த அறைக்குள் குருவுக்குத் திறக்கும் கதவு ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்துதான் யாராவது திறக்கவேண்டும்.

இதுவரை குற்றவாளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த அறைக்குக் குழந்தையும் போகிறது, நடுவர் அவர்களே. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். தனக்கு நடந்த கொடுமையைத் தான் செய்த பாவம் என்று நம்பி, மண்டியிட்டு, அதற்கும் மன்னிப்புக் கேட்கிறது அந்தக் குழந்தை. பாதிக்கப்பட்டவர்கள் பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன சம்பவங்களையும் அந்த ஆணையம் கேட்டறிந்தது. அப்போது குரு என்ன செய்யலாம்? வெளியே உதவி தேடும்படி குழந்தையை ஊக்கப்படுத்தலாம். அவ்வளவுதான். பெரியவரிடம் சொல்லியாகிவிட்டது என்று அது நினைக்கும். பெரியவரோ, நீயே போய் இன்னொரு பெரியவரிடம் சொல் என்கிறார். எத்தனை குழந்தைக்கு இரண்டாவது முறை சொல்லத் துணிவு வரும்?

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதையும் குருக்கள் புகார் செய்யவேண்டும் என்ற, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து 2025-ஆம் ஆண்டு விதியை நீதிபதி நிறுத்திவைத்தார் என்று எதிரணி வெற்றிக்களிப்போடு சொன்னது. உண்மைதான், அவர்கள் கையில் இருப்பதில் வலுவான வாதமும் இதுதான். ஆனால் நீதிபதிக்கு உறுத்தியது என்ன? மற்றவர்களின் இரகசியத்தை விட்டுவிட்டு, குருமார்களை மட்டும் தனியே பிடித்தது. அப்படியானால் எல்லாருக்கும் ஒரே விதியாக எழுதுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியாவின் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் புகார் கொடுக்கவேண்டும் என்கிறது. குருவுக்கென்று அதில் விலக்கு இல்லை. மனநல மருத்துவரின் இரகசியத்துக்கும் எல்லை உண்டு. தன்னிடம் வருபவரால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவரைக் காப்பாற்ற முனையவேண்டும் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது. அதற்காக மனநல மருத்துவமே அழிந்துபோகவில்லை.

'சிறைக்குப் போனாலும் போவேன், சொல்லமாட்டேன்' என்று சில ஆயர்கள் அறிவித்திருக்கிறார்கள். அவர்களின் விசுவாசத்தை நான் கொச்சைப்படுத்தமாட்டேன். 1215-ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம் என்ற திருச்சபையின் பேரவை முதல் எண்ணூறு வருடமாகச் சட்டமாகவே காத்துவரும் புனிதம் அது. தன் விசுவாசத்துக்கான விலையைத் தானே சுமக்கிறேன் என்று ஒரு ஆயர் சொன்னால் எனக்குப் புரிகிறது. இன்றைய ஏற்பாட்டில் அந்த விலையை அவரா கொடுக்கிறார்? பத்து வயதுப் பிள்ளை அல்லவா கொடுக்கிறது!

'திரைக்குப் பின்னால் இருப்பவர் யார் என்றே தெரியாதே' என்ற வாதமும் வந்தது. தெரியாவிட்டால் குற்றமில்லை, விட்டுவிடுவோம். தெரிந்தால்? பக்கத்து விடுதியின் காப்பாளர், கூடவே பூசை வைக்கும் சக குரு, ஞாயிறுதோறும் கேட்ட குரல் என்றால்? எனக்குப் பின் பேச வருகிறவர் இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். அந்த 30 குருக்களில் முதலாமவர், முதல் வாரமே காவல் நிலையத்துக்குப் போயிருந்தால், பிற்பாடு சிக்கிய பிள்ளைகளில் எந்தப் பிள்ளைக்கு அதனால் கெடுதல் வந்திருக்கும்?