கேட்க விடுகிற இடம் வகுப்பறை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் பரிவும், பிறரை ஏற்கும் மனமும், அறியும் ஆர்வமும் வளர்வது வீட்டிலா, வகுப்பறையிலா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் வகுப்பறைக்காகப் பேச வந்திருக்கிறேன். ஆனால் ஆசிரியை இல்லை. இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை மூன்றில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அம்மா.

சரி, அந்தத் தொட்டிலையே பார்ப்போம். எம்ஆர்டி ரயிலில் போகிறோம். சக்கர நாற்காலியில் ஒருவர் ஏறுகிறார். பிள்ளை பெட்டி முழுக்கக் கேட்கும்படி கேட்கிறது: "அம்மா, அந்த அங்கிளுக்குக் கால் என்ன ஆச்சு?" நாம் என்ன செய்கிறோம்? தொடையில் ஒரு கிள்ளு. "உஷ்! அப்படியெல்லாம் கேக்கக் கூடாது!" சிரிக்கிறீர்கள், கிள்ளியவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள் போல. நாம் மரியாதை சொல்லிக்கொடுத்ததாக நினைக்கிறோம். பிள்ளை கற்றுக்கொண்டதோ, நம்மைப் போல இல்லாதவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதை.

பரிவு வருவதற்கு முன்னால் கேள்வி வர வேண்டும். ஒருவரைப் பற்றி எதுவுமே தெரியாமல் காட்டுகிற பரிவு, 'ஐயோ பாவம்' என்பதோடு நின்றுவிடும். அந்தக் கேள்விக்கு இடம் கொடுப்பது வகுப்பறைதான்.

என் பெண்ணின் வகுப்பில் ஒரு பையன். மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியை யாரையும் திட்டவில்லை. "இந்த மணிச் சத்தம் உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். ஒருத்திக்கு ஐஸ்கிரீம் வண்டி ஞாபகம் வருமாம். இன்னொருவனுக்கு கேண்டீன் சிக்கன் ரைஸ். அந்தப் பையன் முறை வந்தபோது, "பக்கத்து வீட்டுல சுவரு துளைப்பாங்களே, அது என் தலைக்குள்ள நடக்கிற மாதிரி" என்றானாம். வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? இப்போது அவன் பக்கத்தில் உட்காரும் பெண், மணி அடிக்கச் சற்று முன்னால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவன் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். அவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறான். அப்படித் தட்டும்படி அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டில் இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? வீட்டில் அந்தப் பையன் இல்லையே! வீடு என்றால் ஒரே மொழி, ஒரே சாமி, ஒரே சாம்பார். 1989 முதல் வீவக புளோக்குகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது, எல்லா இனத்தாரும் கலந்துதான் குடியிருக்கிறோம். ஆனாலும் மின்தூக்கியில் ஒரு தலையசைப்போடு கதவைச் சாத்திக்கொள்கிறோம். வகுப்பில் அப்படிச் சாத்த முடியாது.

வேற்றுமை என்றால் இனம் மட்டும்தானா? தமிழ்ப் பாட நேரத்தில் வெவ்வேறு வகுப்புகளிலிருந்து நம் பிள்ளைகள் ஒன்று சேர்கிறார்கள். போன வருடம் சென்னையிலிருந்து வந்த பிள்ளை, வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளை, வீட்டில் மலையாளம் பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் எடுக்கும் பிள்ளை எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை எழுதுகிறார்கள். "அவங்க ஊர்க்காரங்க, நாம சிங்கப்பூர்க்காரங்க" என்று கோடு போடுவது எந்த வீட்டு வரவேற்பறையில் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இன நல்லிணக்க நாள் வெறும் மாறுவேடப் போட்டி என்றார் எதிரணித் தோழி. பாதி ஒப்புக்கொள்கிறேன். மலாய் உடையான பாஜு குரோங் போட்டுப் படம் எடுத்தால் மட்டும் மனசு விரிந்துவிடாது. ஆனால் அந்த நாள் வருகிற ஜூலை 21 என்பது 1964இல் இங்கே இனக்கலவரம் வெடித்த நாள். 1997 முதல் பள்ளிகள் அதை நினைவுகூர்கின்றன. அன்று பள்ளியிலிருந்து வந்த என் பெண், சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "ஏம்மா சண்டை போட்டாங்க?" அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

ஆர்வத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டுக்கு மதிப்பெண்ணில் சேரும் தேர்வே கிடையாது. அப்புறம் மற்ற வகுப்புகளின் அரையாண்டுத் தேர்வும் போய்விட்டது. பள்ளி தேர்வை நீக்கிய பிறகும், டியூஷனில் மாதிரித் தேர்வு வைக்கிறார்களா என்று விசாரிப்பது யார்? பெற்றோராகிய நாம்தான்.

எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் போன பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வந்த சீன, மலாய்ப் பிள்ளைகள், உங்கள் நண்பர்களின் பிள்ளைகளா, உங்கள் பிள்ளையின் வகுப்புத் தோழர்களா? அவர் பதிலைக் கேட்டுவிட்டு நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும். வணக்கம்.